ஆயில் என்ஜினில் எண்ணெய் ஒழுக்கு: பேக்கிங்கை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் என்ஜினின் அடியில் கறுத்த எண்ணெய் தேங்கி நிற்பது கிராமங்களில் சாதாரணமாகக் காணும் காட்சியாகும். "ஒழுகாத என்ஜின் எங்கே இருக்கிறது?" என்று விவசாயிகள் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். ஒழுக்கு அதிகமானால் மெக்கானிக்கை அழைத்து பேக்கிங்கை மாற்றுகின்றனர். பத்து நாளில் அதே இடத்தில் மீண்டும் ஒழுகத் தொடங்குகிறது. திரும்பவும் பேக்கிங், இந்த முறை கொஞ்சம் கூடுதலாகப் பசை. மூன்றாவது முறை போல்ட்டை இறுக்கி இறுக்கி மரை கழன்றுபோகிறது. பேக்கிங்கின் மேல் பழியைப் போடுகிறோம். ஆனால் பல என்ஜின்களில் குற்றவாளி பேக்கிங் அல்ல.

தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டில் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்ட பிறகு ஆயில் என்ஜின்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மையே. ஆயினும் மின் இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பவர்களும், வாய்க்கால், ஓடை, குட்டைகளிலிருந்து நீர் இறைப்பவர்களும், மின்சாரம் நின்ற நேரத்தில் பயிரைக் காக்க வேண்டியவர்களும் இன்றும் இவற்றையே நம்பியிருக்கின்றனர். இவற்றில் பல, தகப்பனார் காலத்தில் வாங்கிய என்ஜின்கள். வார்ப்பு இரும்பில் செய்யப்பட்ட இந்த என்ஜின்கள் முறையாகப் பராமரித்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கக் கூடியவை.

ஒழுக்கினால் ஏற்படும் நஷ்டம்

மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய் சொட்டுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,200 சொட்டுகள். சுமார் 30 சொட்டுகள் ஒரு மில்லி லிட்டர் எனக் கொண்டால், மணிக்கு 40 மி.லி. எண்ணெய் வெளியேறுகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இறைத்தால் 320 மி.லி.; ஐந்தே நாளில் 1,600 மி.லி. ஐந்து குதிரைச் சக்தி என்ஜினின் எண்ணெய்த் தொட்டி சுமார் மூன்றரை லிட்டர்தான் கொள்ளும். அதாவது ஐந்து நாளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் மண்ணுக்குப் போய்விடுகிறது.

எண்ணெய் மட்டம் குறைந்தால் என்ன ஆகும்? பழைய மெதுவேக என்ஜின்களில் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள கரண்டி போன்ற பகுதி எண்ணெயில் முங்கி, அதை வாரித் தெறித்துத்தான் உறுப்புகளுக்கு மசகிடுகிறது. மட்டம் இறங்கினால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. எண்ணெய்ப் பம்பு உள்ள என்ஜின்களில், பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். இரண்டிலும் முடிவு ஒன்றே: பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும், கிராங்க் ஷாஃப்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். நெல் பூட்டைப் பருவத்தில் என்ஜின் நான்கு நாள் பட்டறையில் கிடந்தால், செலவைவிட மகசூலில் ஏற்படும் இழப்பு பெரிது.

வேறு தொல்லைகளும் உண்டு. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும். பம்பின் வேகம் குறைந்து தண்ணீர் குறைவாக வரும். டீசல் மட்டும் குறையாமல் செலவாகும். கீற்றுக் கொட்டகைக்குள் எண்ணெய் ஊறிய சாக்கும், சூடான புகைக் குழாயும் அருகருகே இருப்பது தீ விபத்துக்கு வழி வகுக்கும். கிணற்றின் விளிம்பில் எண்ணெய் படிந்த கல்லில் கால் வழுக்கினால் ஆபத்து எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. கிணற்று நீரிலும் எண்ணெய்ப் படலம் மிதக்கும். அந்த நீரைத்தான் மாடும் குடிக்கிறது.

முதலில் இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே வால்வு மூடியில் கசிந்த எண்ணெய், சிலிண்டரின் பக்கமாக வழிந்து, கிராங்க்கேஸ் கதவின் விளிம்பில் சேர்ந்து, அடியில் சொட்டும். பார்ப்பவர் கதவின் பேக்கிங்கை மாற்றுவார். பயன் இருக்காது.

ஆகவே என்ஜின் ஆறிய பிறகு, வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த துணியாலும் பிரஷ்ஷாலும் கழுவ வேண்டும். ஆண்டுக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மூங்கில் சிம்பினால் சுரண்டி எடுத்துவிடலாம். பின்னர் உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் வீட்டிலுள்ள முகப் பவுடரையோ, சாக்கட்டித் தூளையோ மெல்லியதாகத் தூவலாம். என்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு தெரியும். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுவே கசியும் இடம். ஃபிளைவீல் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓடும் என்ஜினில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பது கூடாது. தோளில் துண்டு, தளர்ந்த வேட்டி ஆகியவற்றோடு ஃபிளைவீல் அருகில் குனிவதும் கூடாது.

வெளியே வருவது மசகு எண்ணெய்தானா என்றும் பார்க்க வேண்டும். டீசல் குழாயின் நட்டு தளர்ந்து கசியும் டீசல், என்ஜினின் மேலுள்ள அழுக்கோடு சேர்ந்து கறுத்து, எண்ணெய் போலவே தோன்றும். மோந்து பார்த்தாலும், இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் புரியும்.

எண்ணெய் மட்டம் ஏறினால் எச்சரிக்கை

ஒழுகியும் அளவுகோலில் மட்டம் குறையவில்லை, அல்லது முன்பைவிடச் சற்று ஏறியிருக்கிறது என்றால் மகிழ்ச்சி அடைவதற்கில்லை. டீசலோ தண்ணீரோ எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது என்பதே அதன் பொருள். தேய்ந்துபோன டீசல் பம்பின் பிளஞ்சர் வழியாகக் கசியும் டீசல், பல என்ஜின்களில் நேராகக் கிராங்க்கேஸுக்குள் விழும். டீசல் கலந்த எண்ணெய் தண்ணீராக நீர்த்து, இதுவரை ஒழுகாத இணைப்புகளில்கூட ஒழுகும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அளவுகோலில் இருந்து ஒரு சொட்டு எண்ணெயைச் செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்தில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நடுவில் கறுப்பு வட்டமும், அதைச் சுற்றி அகலமான வெளிறிய வளையமும் பரவியிருந்தால் டீசல் கலந்திருக்கக்கூடும். புது எண்ணெயில் ஒரு சொட்டைப் பக்கத்தில் விட்டு ஒப்பிட்டால் தெளிவாகும். எண்ணெய் மோர் போலவோ, பால் காப்பி நிறத்திலோ இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் பேக்கிங் அல்லது லைனரின் ரப்பர் வளையம் பழுதாகியிருக்கும். இந்த இரண்டு நிலையிலும் என்ஜினை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். காரணத்தைச் சரிசெய்து, எண்ணெயை முழுவதும் மாற்றிய பிறகே ஓட்டலாம்.

பிரீதரைக் கவனிப்பார் இல்லை

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரையின் முக்கியமான பகுதியாகும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும், அதன் அடியிலுள்ள காற்றைக் கிராங்க்கேஸுக்குள் அழுத்துகிறது. நான்கு சிலிண்டர் உள்ள கார் என்ஜினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுகின்றன. காற்று உள்ளேயே இடம் மாறிக்கொள்கிறது. ஒற்றைச் சிலிண்டரில் அப்படி இல்லை. அந்தக் காற்று வெளியேறித்தான் ஆக வேண்டும்.

இதன் அளவைப் பார்ப்போம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி வடிவமைத்து, பின்னர் ராஜ்கோட் பட்டறைகளில் ஏராளமாகச் செய்யப்பட்ட 6 குதிரைச் சக்தி மெதுவேக என்ஜினை எடுத்துக்கொண்டால், அதன் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம். பிஸ்டன் ஓட்டம் ஐந்தரை அங்குலம். ஒரு முறை இறங்கும்போது ஏறத்தாழ 1.4 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 650 சுற்று என்றால் 650 தடவை இப்படித் தள்ளுகிறது.

இதற்காகவே கிராங்க்கேஸில் பிரீதர் என்னும் மூச்சுக் குழல் வைக்கப்பட்டிருக்கிறது. லிஸ்டர் மாதிரி என்ஜின்களில் இது பக்கவாட்டில் சிறு பெட்டி போல இருக்கும். உள்ளே மெல்லிய தகட்டு வால்வு ஒன்று உண்டு. பிஸ்டன் இறங்கும்போது தகடு திறந்து காற்று வெளியே போகும். பிஸ்டன் ஏறும்போது தகடு மூடிக்கொள்ளும். இதனால் கிராங்க்கேஸுக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தமே நிலவும். அதாவது இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகப் பார்க்குமே தவிர, எண்ணெய் வெளியே வராது. பழைய காலத்து இந்த ஏற்பாடு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது, அது வேலை செய்யாதபோதுதான் தெரியும்.

தகட்டில் பிசுக்கு ஒட்டிக்கொண்டால், அல்லது வர்ணம் அடித்தபோது துவாரம் அடைபட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் எண்ணெய் எங்கெல்லாம் வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் வெளியேறும். எந்த பேக்கிங்கும் இதைத் தாங்காது. "பிரீதர் வழியாக எண்ணெய் தெறிக்கிறது" என்று அதில் துணியை அடைத்துவிடுபவர்களும் உண்டு. ஒரு துவாரத்தை அடைத்தால் பத்து இடத்தில் ஒழுகும்.

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் சிறிய வேக என்ஜின்களில் பிரீதர், வால்வு மூடியிலோ கிராங்க்கேஸ் பக்கத்திலோ இருக்கும். உள்ளே கம்பி வலை இருக்கலாம். எந்த வகையானாலும், எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்துப் பூட்ட வேண்டும். தகடு வளைந்திருக்கக் கூடாது. அது உட்காரும் பரப்பில் கீறல் இருக்கக் கூடாது. தகட்டை முன்பின்னாக மாற்றிப் பூட்டிவிட்டால் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடாது. நிலைமை முன்னைவிட மோசமாகும். நன்றாக வேலை செய்யும் தகட்டு வால்வு, என்ஜின் ஓடும்போது மெல்லிய "டக் டக்" ஓசை எழுப்பும். வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் காகிதம் வெளிப்பக்கமாகப் படபடக்கும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் அதிலிருந்து புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது. எரிவாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. டீசலை மூடி, டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்காமல், ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். நல்ல என்ஜினில் அழுத்தம் எதிர்த்து நின்று சக்கரம் பின்வாங்கும். தடையில்லாமல் புரண்டுவிட்டால் அழுத்தம் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ போகிறது என்று பொருள். இத்தகைய என்ஜினுக்குப் பேக்கிங் மாற்றுவது வீண் செலவு. ரிங், லைனர் வேலையை முதலில் முடிக்க வேண்டும்.

பேக்கிங்கைக் கழற்றுதல்

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்து, ஓர் இணைப்பில் மட்டும் ஒழுக்கு நிற்கவில்லை என்றால் அப்போது பேக்கிங்கை மாற்றலாம். அதற்கு முன், போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, தளர்ந்திருந்தால் சமமாக இறுக்கி ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது நலம். அதிர்வினால் தளர்ந்த போல்ட்டே பாதி ஒழுக்குகளுக்குக் காரணம்.

வேலை தொடங்குமுன் டீசல் குழாயை மூடி, பெல்ட்டைக் கழற்றி, கைப்பிடியை அப்புறப்படுத்திவிட வேண்டும். சூடான என்ஜினைத் திறக்கக் கூடாது.

பழைய என்ஜின்களின் பேக்கிங் தகடுகளில், குறிப்பாக ஹெட் பேக்கிங்கிலும் புகைக் குழாய் பேக்கிங்கிலும், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கம். இந்தத் தூள் மூச்சில் சேர்ந்தால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் உண்டாகும். ஆகையால் காய்ந்த பேக்கிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ, வாயால் ஊதுவதோ, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதோ கூடாது. முதலில் டீசலால் நன்றாக நனைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் இளகிவிடும். பிறகு பித்தளைத் தகட்டாலோ கூராக்கிய மரச் சிம்பாலோ ஈரத்தோடு சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைகள் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம். எரிக்கக் கூடாது. உளியால் சுரண்டினால் வார்ப்பின் முகத்தில் கீறல் விழும். குறுக்காக ஒரு கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால்.

சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி சுத்தமான துணியால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை வெளியே எடுக்க மறக்கக் கூடாது. அப்படி மறப்பவர்களும் இருக்கின்றனர்.

முகம் மட்டமாக இருக்கிறதா?

தகட்டு மூடிகளை அளவுக்கு மீறி இறுக்கியதால், போல்ட் துவாரத்தைச் சுற்றிக் குழி விழுந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மூடி எழும்பி நிற்கும். எவ்வளவு நல்ல பேக்கிங் வைத்தாலும் அந்த இடத்தில் ஒழுகும். மூடியைக் கனமான மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, துவாரத்தைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டி மட்டமாக்கலாம். சிறிய வார்ப்பு மூடிகளுக்குக் கனமான கண்ணாடிப் பலகையின் மேல் நயமான எமரித் தாளை விரித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு எழுதுவது போலத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பளபளப்பு முகம் முழுவதும் பரவும்வரை தேய்க்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டை இப்படித் தேய்க்கக் கூடாது. அதன் முகத்தில் நேர்க்கோலை வைத்து, ஃபீலர் கேஜால் சோதித்து, வளைவு இருந்தால் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதே முறை.

எந்த இடத்துக்கு எந்தப் பொருள்?

எண்ணெய்த் தொட்டியைச் சேர்ந்த கதவு, டைமிங் மூடி போன்றவற்றுக்கு அரை மி.மீ. கனமுள்ள ஆயில் பேப்பர் போதும். தகட்டு வால்வு மூடிக்குக் கார்க், அல்லது ரப்பர் கலந்த கார்க் ஏற்றது. அது அமுங்கிக் கொடுத்து மேடு பள்ளத்தை நிரப்பும். கடையில் நெடுநாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கி, போல்ட் துவாரங்கள் ஒத்துவராமல் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். வளைத்துப் பார்க்கும்போது ஒடிந்தால் அதை வாங்க வேண்டாம்.

சைக்கிள் டியூபை வெட்டிப் பேக்கிங்காக வைப்பது கிராமங்களில் பரவலான பழக்கம். அவசரத்துக்கு ஒரு நாள் தாங்கும். ஆனால் சைக்கிள் டியூப் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, கொழகொழவென்றாகி, இணைப்பிலிருந்து பிதுங்கி வந்துவிடும். ரப்பர்தான் வைக்க வேண்டுமென்றால் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரைக் கேட்டு வாங்க வேண்டும். கலியாணப் பத்திரிகை அட்டையை எண்ணெயில் தோய்த்து வைப்பவர்களும் உண்டு. கதவு மூடிக்கு அது ஓரளவு வேலை செய்யும். தண்ணீர் படும் இடத்தில் கரைந்துபோகும்.

தாளைப் பகுதியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி வெட்டுவது மெக்கானிக்குகளின் வழக்கம். வார்ப்பு இரும்பில் பரவாயில்லை; அலுமினிய மூடிகளில் ஓரம் நசுங்கும். அதற்குப் பதில், மூடியின் முகத்தில் கறுத்த எண்ணெயை லேசாகத் தடவித் தாளின் மேல் அழுத்தி எடுத்தால் அச்சு விழும்; கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். போல்ட் துவாரங்களைச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும். எண்ணெய் பாயும் சிறு துவாரம் ஏதாவது இருந்தால் அதைத் தாளில் மறக்காமல் வெட்ட வேண்டும். அதை மறைத்துவிட்டால் ஒழுக்கு நிற்கும், பேரிங்கும் போய்விடும்.

வடிகால் போல்ட்டில் உள்ள செம்பு வாஷர் பல தடவை இறுக்கியதால் கெட்டியாகிவிடும். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் மீண்டும் மெதுவாகும். கருமை படிந்ததை நயமான தாளில் தேய்த்துவிட்டுப் போடலாம். இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் கெட்டியாகும், செம்பு அப்படியல்ல.

கனத்தை மாற்றக் கூடாத பேக்கிங்குகள்

சில பேக்கிங்குகள் எண்ணெயைத் தடுப்பதோடு அளவையும் நிர்ணயிக்கின்றன. விவசாயிகள் பெரும்பாலும் அறியாத விஷயம் இது. சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே உள்ள அடிப் பேக்கிங்கின் கனமே, பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது. கனம் கூடினால் அழுத்தம் குறைந்து, காலையில் என்ஜின் கிளம்பாமல் படுத்தும். கனம் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். கடைகளில் கிடைக்கும் "செட்" பேக்கிங்குகள் எல்லாம் ஒரே கனத்தில் இருப்பதில்லை. பழையதையும் புதியதையும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு, மெல்லிய ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டை இறுக்கி, ஃபிளைவீலைக் கையால் ஒரு முறை சுற்றிக் கம்பி நசுங்கிய கனத்தை அளந்தால் இடைவெளி தெரியும். அது என்ஜின் கைப்புத்தகத்தில் சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

இதே போலத்தான் டீசல் பம்பின் அடியில் உள்ள தகடுகளும். ஒழுக்கை நிறுத்துவதற்காக அங்கே ஒரு தாளைக் கூடுதலாக வைத்தால், டீசல் பாயும் நேரம் தள்ளிப்போய், என்ஜின் சக்தி குறைந்து கரும்புகை கக்கும். எத்தனை தகடு இருந்ததோ அத்தனையையே திரும்ப வைக்க வேண்டும். சில என்ஜின்களில் மெயின் பேரிங் வீட்டின் அடியிலுள்ள பேக்கிங், கிராங்க் ஷாஃப்டின் பக்க ஆட்டத்தை நிர்ணயிக்கிறது. அதையும் எண்ணி, அளந்து, அப்படியே பூட்ட வேண்டும். ஷாஃப்ட் முனையில் ஒழுகினால் பேக்கிங்கோடு ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். சீலின் உதடு ஓடும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது.

பசையும் இறுக்கமும்

ஷெல்லாக் பசைக்குப் பதில் இப்போது டியூபில் வரும் சிலிகான் பசை எங்கும் கிடைக்கிறது. நல்ல பொருள்தான், அளவறிந்து பயன்படுத்த வேண்டும். அதிகம் அப்பினால் உள்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்த துணுக்குகள் உதிர்ந்து, எண்ணெய்ச் சல்லடையை அடைத்துவிடும். இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, ஒரு முகத்தில் மட்டும் நூல் போல இரண்டு மி.மீ. கோடு இழுத்தால் போதும். கோடு போல்ட் துவாரங்களின் உள்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். முதலில் கையிறுக்கம் மட்டும். டியூபில் குறித்த நேரம் கழித்து முழு இறுக்கம். பசை முழுதும் உறையும்வரை, பெரும்பாலும் ஒரு நாள், என்ஜினை ஓட்டாமல் இருக்க வேண்டும். டீசல் படும் இடத்துக்கும் ஹெட் பேக்கிங்குக்கும் சாதாரண சிலிகான் பசை உதவாது. கார்க் பேக்கிங்கில் இரண்டு பக்கமும் பசை தடவினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும். மூடியின் பக்கம் மட்டும் தடவி ஒட்டவைத்தால் போதும்.

போல்ட்டுகளை ஒரே பக்கமாக வரிசையாய் இறுக்கக் கூடாது. எதிரெதிராக, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிப்பது போலச் சுற்றிச் சுற்றி, மூன்று தடவையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சிறிய மூடி போல்ட்டுகளுக்குக் கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்ந்து ஸ்பானரில் கொடுக்கும் பலம் போதுமானது. ஸ்பானரில் குழாய் மாட்டி இறுக்குவது போல்ட்டை முறிக்கும் வழி. குருட்டுத் துவாரங்களில் எண்ணெயோ மண்ணோ தேங்கியிருந்தால் போல்ட் இறுகிவிட்டது போலத் தோன்றும், பேக்கிங் அமுங்கியிருக்காது. வார்ப்பு வெடிக்கவும் கூடும். கிராங்க்கேஸின் உள்வரை போகும் போல்ட்டுகளில் எண்ணெய் மரை வழியாகவே ஏறி வரும். அவற்றின் மரையில் சிறிது பசை தடவ வேண்டும்.

ஹெட் பேக்கிங் எப்போதும் புதியதாகவே இருக்க வேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடும் சிக்கனம் பலிக்காது. அதன் நட்டுகளை டார்க் ஸ்பானர் கொண்டு, கைப்புத்தகத்தில் சொன்ன வரிசையிலும் அளவிலும் இறுக்குவது அவசியம். விவசாயியிடம் டார்க் ஸ்பானர் இருக்காது. ஆகவே இந்த ஒரு வேலையை அது வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. சில மணி நேரம் ஓடி ஆறிய பிறகு ஒரு முறை மீண்டும் இறுக்கி, வால்வு டாப்பட் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். ஹெட் இறங்கும்போது இடைவெளி மாறிவிடும்.

வேலை முடிந்த பின் எண்ணெயை அளவுகோலின் மேற்கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒழுகும் என்ஜினுக்கு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவைக்கும் பழக்கம் ஒழுக்கை அதிகமாக்கவே செய்யும். கைப்புத்தகம் எஸ்.ஏ.இ. 30 என்று சொன்னால் அதையே வாங்க வேண்டும். முதல் வாரம் நாள்தோறும் என்ஜினின் அடியில் ஒரு டப்பா மூடியை வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை சொட்டு விழுகிறது என்று சுவரில் கரியால் குறித்துவைக்கலாம். எண்ணிக்கை குறைந்து நின்றுவிட்டால் வேலை முடிந்தது. ஏறிக்கொண்டே போனால், பேக்கிங்கைத் தொடாமல், முதலில் பிரீதரைத் திறந்து பார்க்க வேண்டும்.